நரம்பு நோயாளிகளுக்காக ஒரு கடிதம் கொடுக்கப்போகிறோம், எதைக் கேட்பது? (திருகோணமலை மாவட்டம்)

பாலையூற்றான்

எல்லோருக்கும் வணக்கம். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுப்பதாக நாங்கள் சிலர் பேசி வைத்திருக்கிறோம். பாரிசவாதம், வலிப்பு, பார்கின்சன் (நடுக்கமும் இறுக்கமும் வருகிற நோய்), மறதி நோய், முள்ளந்தண்டு பாதிப்பு என்று வீட்டில் ஒருவரை வைத்துப் பார்க்கும் குடும்பங்கள்தான் இதில் இருக்கிறோம். கையெழுத்து வாங்குவது பெரிய வேலை இல்லை. என்ன கேட்பது என்பதில்தான் இழுபறி.

என் அபிப்பிராயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. வார்டில் நன்றாகவே பார்த்தார்கள். துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று இரவு, அவரைக் கட்டிலில் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எந்தக் குளிசை எத்தனை மணிக்கு என்று எழுதித் தந்திருந்தார்கள். ஆளை எப்படித் தூக்குவது என்று எவரும் காட்டித் தரவில்லை. காட்டித் தருவது இன்னாருடைய வேலை என்று ஒரு ஏற்பாடும் இல்லை.

ஆகவே கட்டடம், இயந்திரம் கேட்க வேண்டாம், வீட்டுக்கு வந்த பிறகு நடக்க வேண்டியவற்றைக் கேட்போம் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். அரசியல் வேண்டாம், எந்த வைத்தியரின் பெயரும் வேண்டாம்.

மட்கோ மச்சான்

அண்ணை, கோபிக்க வேண்டாம். இயந்திரம் கேட்காமல் வேறு எதைக் கேட்பது? பெரிய பரிசோதனை என்றால் கொழும்பு, கண்டி, மட்டக்களப்பு என்று அலைகிற சனம் இன்னும் இருக்கிறது. நடக்க ஏலாத ஆளை இரவு ரயிலில் ஏற்றி, விடியக் கோட்டையில் இறக்கி, அங்கே சிங்களம் தெரியாமல் நின்று முழிக்கிற கதை எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

நிபுணர் வேண்டும், ஸ்கேன் வேண்டும், இரவிலும் அந்த ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். என்ன நோய் என்று கண்டுபிடித்தால்தானே பராமரிப்பு.

கிண்ணியா காக்கா

தம்பி மட்கோ, எல்லா நரம்பு நோயும் ஸ்கேனில் பிடிபடுவதில்லை. என் மகனுக்கு வலிப்பு. டொக்டர் முதலில் கேட்டது, வந்தபோது என்ன நடந்தது, எந்தக் கை முதலில் இழுத்தது, எவ்வளவு நேரம், பிறகு எப்படி இருந்தான் என்பதைத்தான். அவனுடைய உம்மா போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்கேன் பிறகு எடுத்தார்கள், அதில் ஒன்றும் தெரியவில்லை. மருந்து தொடங்கி, பையன் இப்போது நன்றாக இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்.

உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு ஒன்று: உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 வீதம் வரையானவர்கள் வலிப்பே இல்லாமல் வாழலாம். மருந்தும் விலை கூடியதல்ல. பழைய மருந்துகளில் சிலவற்றுக்கு ஆளுக்கு வருடத்துக்கு 5 டொலர் அளவில்தான் செலவு என்கிறார்கள். அப்படியென்றால் எங்களுக்குத் தடை எது? மருந்து ஒரு நாள்கூடத் தவறாமல் கைக்கு வருவதுதான்.

2022 இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். கிளினிக் கொப்பியில் எழுதிய மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியில் வாங்கு என்றார்கள். பாமசியிலும் இல்லை. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும், உயிருக்கே ஆபத்து. பிரஷர் குளிசை ஒரு நாள் தவறுவதும் இதுவும் ஒன்றல்ல என்பது பாமசியில் நிற்கிற ஆளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

என் யோசனை இதுதான். 2020 ஊரடங்கின்போது கிளினிக் நோயாளிகளுக்கு மருந்தைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தபால்காரர் கொண்டுவந்து தந்தார். ஒருமுறை நடந்த விஷயம் என்பதால் முடியாது என்று யாரும் சொல்ல ஏலாது. நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு அதை மறுபடி செய்யுங்கள், டொக்டரைப் பார்க்க மட்டும் நேரில் வருகிறோம் என்று கேட்போம். கூலித் தொழிலாளிக்குக் கிளினிக் நாள் என்றால் சம்பளம் இல்லாத நாள். கூட வருகிற ஆளுக்கும் சேர்த்து இரண்டு சம்பளம்.

பாலையூற்றான்

காக்கா, தபால் விஷயம் எனக்கு மறந்தே போயிருந்தது. கடிதத்தில் முதல் பந்தி இதுதான்.

வெருகல் ஓட்டோ

நான் ஓட்டோ ஓடுகிறவன். நீங்கள் எல்லோரும் டவுனுக்குக் கிட்ட இருந்து கதைக்கிறீர்கள். மாவட்டத்தின் இந்த முனையில் வெருகல், அந்த முனையில் புல்மோட்டை. பாரிசவாதம் வந்தால் எங்களுக்கு நேரம்தான் எல்லாம்.

எனக்கு ஒரு பயிற்சியில் சொல்லித் தந்ததை எழுதுகிறேன். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தால் அதைக் கரைக்கிற ஊசி இருக்கிறது. தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். ஆனால் போடுவதற்கு முன் ஸ்கேன் எடுத்து, இது அடைப்பா, ரத்தம் கசிந்ததா என்று பார்க்க வேண்டும். கசிவுக்கு இந்த ஊசியைப் போட்டால் ஆள் போய்விடுவார். அதனால்தான் வீட்டில் அஸ்பிரின் கொடுக்கக்கூடாது என்கிறார்கள். சோடா, தேத்தண்ணி ஒன்றும் பருக்கக்கூடாது, விழுங்க ஏலாமல் நெஞ்சுக்குள் போகும்.

எங்கள் பக்கத்தில் நடப்பது என்ன? வாய் கோணியதும் முதலில் பார்வை பார்க்கிற ஆளைக் கூப்பிடுவார்கள். பிறகு எண்ணெய். பிறகு விடியட்டும் என்று படுக்கவைப்பார்கள். விடிந்த பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். ஏற்றிக்கொண்டு போவேன், அங்கே மிஸ்ஸி (தாதி) கேட்பார், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று. ஒருவருக்கும் தெரியாது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் ஊசி போடுவதா இல்லையா என்று அவர்கள் எப்படி முடிவெடுப்பது?

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் இலவசம், அதைக் கூப்பிடச் சொல்லிச் சனத்துக்குப் படிப்பியுங்கள். எனக்கு வாடகை போகும், பரவாயில்லை. தேவையென்றால் அவர்கள் போகிற வழியிலேயே ஒட்சிசன் கொடுப்பார்கள். மட்கோ தம்பி கேட்கிற இரவு ஸ்கேனுக்கு என் கையெழுத்தும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் இயந்திரம் வேண்டும்தான்.

மட்கோ மச்சான்

பாருங்கள், ஓட்டோ அண்ணைக்கு விளங்கியிருக்கிறது.

பிசியோ அக்கா

நான் உவர்மலைப் பிள்ளை, இப்போது வேறு மாவட்டத்தில் பிசியோவாக (இயன்மருத்துவராக) வேலை. பாலையூற்றான் அண்ணா எழுதிய முதல் இரவைப் பற்றி வார்டுகளில் ஒருவரும் யோசிப்பதில்லை என்பது உண்மைதான். வேலையிடத்தில் இருந்து அதைச் சொல்வதால் எனக்குச் சங்கடம், ஆனாலும் சொல்கிறேன்.

ஒரு வார்டுக்கு பிசியோ வந்து போகிற நேரம் மிகக் குறைவு. கால், கைகளை அசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுகிறோம். அந்த நேரத்தில் பாதியை, பக்கத்தில் நிற்கிற மகளுக்கோ மனைவிக்கோ பழக்குவதற்குக் கொடுத்தால் பலன் பல மடங்கு. ஏனென்றால் பாரிசவாதத்தில் கூடிய முன்னேற்றம் வருவது முதல் மூன்று, ஆறு மாதங்களில். அந்த மாதங்களில் ஆள் இருப்பது வீட்டில், எங்களிடம் இல்லை.

வீட்டில் நான் அடிக்கடி பார்க்கிற விஷயங்களைச் சொல்கிறேன், அவசரத்துக்கு உதவும்.

விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். தோள்மூட்டைப் பிடித்து வைத்திருந்த தசைகள் தளர்ந்து போயிருக்கும், இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். பிறகு வருகிற தோள் வலியால் ஆள் பயிற்சியே செய்யமாட்டார். இடுப்பில் ஒரு பட்டியோ, மடித்த சாரமோ கட்டி அதைப் பிடித்துத் தூக்குங்கள். உட்கார வைக்கும்போது அந்தக் கைக்குக் கீழே ஒரு தலையணை.

படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். இரவிலும்தான். முதுகுக்குக் கீழே, குதிக்காலில், இடுப்பெலும்பில் தோல் சிவந்து, அழுத்தினால் வெளிறாமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. எங்கள் சனம் எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்ப்பார்கள், தோல் கிழிந்துவிடும்.

சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுங்கள், முடிந்த பிறகும் அரை மணித்தியாலம் அப்படியே இருக்கட்டும். சோறு விழுங்குகிற ஆளுக்குத் தண்ணீர் புரைக்கேறும், தெரியுமா? நீர்மாதிரி இருப்பதுதான் விழுங்கக் கஷ்டம். சாப்பிட்டபின் குரல் கரகரத்தால் டொக்டருக்குச் சொல்லுங்கள்.

இதெல்லாம் ஒரு மணித்தியாலத்தில் பழக்கக்கூடியவை. ஆகவே கடிதத்தில் இப்படிக் கேளுங்கள்: துண்டு வெட்டுவதற்கு முன் பராமரிக்கப்போகிற ஆளுக்கு நேரில் பழக்கி, அவர் செய்து காட்டிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இதற்குக் காசு தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையும் ஒரு கட்டிலும் போதும்.

கோணமலை ரசிகன்

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கும்போது இவ்வளவு கஷ்டம் ஏன்? என் தாத்தாவுக்கு வாதம் வந்தபோது தொடர்ந்து கன்னியாவில் குளிப்பாட்டித்தான் எழுப்பினார்கள். சித்த வைத்தியத்தையும் யாரும் கதைக்கவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள்.

பிசியோ அக்கா

//தொடர்ந்து கன்னியாவில் குளிப்பாட்டித்தான் எழுப்பினார்கள்//

குளிப்பதில் பிழை இல்லை, இதமாக இருக்கும், வெளியில் போன சந்தோஷமும் இருக்கும். ஆனால் ஒரு கவனம். பாரிசவாதத்தில் விழுந்த பக்கத்துக்குச் சூடு தெரியாமல் போயிருக்கலாம். ஏழு கிணற்றுக்கும் ஒரே சூடு இல்லை. நல்ல பக்கத்துக் கையால் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்பின் உறை பாதிக்கப்படுகிற நோய்) உள்ளவர்களுக்குச் சூடு பட்டால் கொஞ்ச நேரம் கால்கள் இன்னும் தளரும், அவர்கள் தவிர்ப்பது நல்லது.

சித்த மருத்துவர்களிடம் போகிறவர்கள் போகட்டும், ஆனால் கொப்பியில் உள்ள பிரஷர், ரத்தம் உறையாத மருந்துகளை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். குடிக்கிற கஷாயத்தை கிளினிக்கில் மறைக்கவும் வேண்டாம். இரண்டு பக்கமும் தெரிந்திருந்தால்தான் எது எதோடு மோதுகிறது என்று பார்க்கலாம்.

நிலாவெளிக் கரை

எல்லோரும் வயதானவர்களின் கதையாகவே எழுதுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் இளந்தாரிப் பெடியன்கள் இடுப்புக்குக் கீழே விளங்காமல் கிடக்கிறார்கள். கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் போட்டு இறங்குகிறவர்கள்.

ஆழத்தில் அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றில் உள்ள நைதரசன் ரத்தத்தில் கரைகிறது. கெதியாக மேலே வந்தால் அது குமிழி குமிழியாகப் பிரிந்து முள்ளந்தண்டில் போய் அடைக்கும். ஒரே நாளில் பல தடவை இறங்கினால் இன்னும் மோசம். படகுக்காரனுக்குக் கடலட்டை வேண்டும், பெடியனுக்குக் காசு வேண்டும், அதனால் ஒருவரும் நேரம் பார்ப்பதில்லை.

மேலே வந்து கொஞ்ச நேரத்தில் கால் விறைக்கும், மூட்டு வலிக்கும், சிறுநீர் போகாது. எங்கள் ஆட்கள் செய்வது என்ன தெரியுமா? திரும்பச் சிலிண்டரைப் போட்டு கடலுக்குள் இறக்குவார்கள், சரியாகும் என்று. சிலருக்குக் கொஞ்சம் சுகமானது போல இருக்கும், அந்த நம்பிக்கையில்தான் மற்றவர்கள் சாகிறார்கள். செய்ய வேண்டியது படுக்கவைத்து, இருந்தால் ஒட்சிசன் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. கடற்படைத் தளத்தில் இதற்குச் சிகிச்சை கொடுக்கிற அழுத்த அறை இருக்கிறது, மீனவர்களுக்கும் அங்கே சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள். யாரை அழைத்து எப்படி அனுமதி வாங்குவது என்பது கரையில் இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. அதை எழுதி ஒவ்வொரு மீனவர் சங்கக் கட்டடத்திலும் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். என் கோரிக்கை அவ்வளவுதான்.

என் மைத்துனன் அப்படிக் கிடக்கிறவன். அவனுக்கு இப்போது பெரிய பிரச்சினை கால் அல்ல, சிறுநீர். குழாய் போட்டே வைத்திருந்தபோது திரும்பத் திரும்பக் காய்ச்சல். ராகமையில் உள்ள புனர்வாழ்வு ஆஸ்பத்திரியில் தானே நேரத்துக்கு நேரம் குழாய் விட்டு எடுக்கப் பழக்கினார்கள், பிறகு காய்ச்சல் குறைந்தது. இதை இங்கே பழக்க ஒருவரும் இல்லையா? அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

ஸ்காபரோ தம்பி

நான் திருமலைதான், இப்போது கனடா. இங்கே ஊர்ச்சங்கத்தில் கொஞ்சக் காசு சேர்த்திருக்கிறோம். சக்கர நாற்காலி, ஆஸ்பத்திரிக் கட்டில் எத்தனை வேண்டும் என்று சொன்னால் ஒரு கொண்டெய்னர் அனுப்பலாம்.

நிலாவெளிக் கரை

தம்பி, மனது நல்லது. ஆனால் மணலில் உருளாத நாற்காலியை வைத்து என்ன செய்வது? மைத்துனன் வீட்டுக்கு இப்படி வந்த ஒன்றில் இப்போது வலை காய்கிறது. அளவு பார்க்காமல் தருகிற நாற்காலியில் உட்கார்ந்து பிட்டத்தில் புண் வந்தவர்களும் இருக்கிறார்கள்.

பிசியோ அக்கா

ஸ்காபரோ தம்பி, கரை சொல்வது சரி. கொண்டெய்னர் அனுப்புகிற காசில் ஒரு பிசியோவையோ, பேச்சுப் பயிற்சி கொடுப்பவரையோ கிழமையில் சில நாள் கிராமங்களுக்கு அனுப்பலாம். ஓட்டோ வாடகையும் கொடுப்பனவும்தான் செலவு. ஆனால் அதைப் படம் எடுத்துச் சங்கத்தின் முகநூலில் போட முடியாது, அதுதான் சிக்கல்.

ஸ்காபரோ தம்பி

கடைசி வரி குத்துகிறது அக்கா. 😀 சரி, கூட்டத்தில் கதைக்கிறேன். ஒரு வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று யாராவது கணக்குப் போட்டுத் தாருங்கள். நாற்காலி வேண்டாம் என்றால் மணலுக்கு ஏற்ற பெரிய சக்கர நாற்காலி உள்ளூரில் செய்கிறவர்கள் இருக்கிறார்களா?

பாலையூற்றான்

முல்லைத்தீவில் உயிரிழை என்று முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து நடத்துகிற அமைப்பு இருக்கிறது. அவர்களைக் கேட்டால் எந்த நாற்காலி எங்கள் ஒழுங்கைகளுக்குச் சரி என்று சொல்வார்கள். இருந்து பார்த்தவர்கள் அல்லவா.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி

பிள்ளைகளே, நீண்ட காலம் வார்டில் நின்ற ஆள் நான். இரண்டு விஷயம் ஒருவரும் எழுதவில்லை.

ஒன்று பார்கின்சன். லெவோடோபா குளிசை நேரத்துக்குப் போக வேண்டும். அரை மணித்தியாலம் பிந்தினாலே சிலருக்கு உடம்பு கட்டைபோல இறுகிவிடும், கட்டிலில் திரும்ப ஏலாது. ஆனால் அந்த ஆள் வேறு ஏதோ நோய்க்கு, சொல்லப்போனால் கால் முறிவுக்கு, வார்டில் சேர்ந்தால் மருந்து வண்டி வருகிற நேரத்துக்குத்தான் குளிசை. சத்திரசிகிச்சைக்குப் பட்டினி என்று சொல்லி அதையும் நிறுத்திவிடுவார்கள். திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்திக்கு வழக்கமாகப் போடுகிற மெட்டோகுளோபிரமைட், புத்தி குழம்பினால் போடுகிற ஹலோபெரிடோல் இரண்டும் இவர்களுக்கு ஆகாது, நடுக்கமும் இறுக்கமும் கூடும். எந்த வார்டில் சேர்ந்தாலும் முதல் நாளே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியின் மட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் கொடுக்க வேண்டும், மீனும் பருப்பும் அதோடு சேர்ந்தால் மருந்து சரியாக உறிஞ்சாது.

கடிதத்தில் கேட்க வேண்டியது: வீட்டிலிருந்து கொண்டுவந்த பார்கின்சன் குளிசையை, மிஸ்ஸிக்குத் தெரியப்படுத்தி, நோயாளியோ கூட நிற்பவரோ நேரத்துக்குக் கொடுக்க அனுமதி. அவ்வளவுதான்.

மற்றது பெண் பிள்ளைகளின் வலிப்பு. வல்புரோவேட் என்கிற மருந்து நல்ல மருந்துதான். ஆனால் கர்ப்பத்தில் அதை எடுத்தால் பிறக்கிற பிள்ளைகளில் பத்தில் ஒன்றுக்கு உடல் குறைபாடு வரலாம், பத்தில் மூன்று நாலு பிள்ளைகளுக்கு வளர்ச்சியில், படிப்பில் பிரச்சினை வரலாம். அதனால் கலியாணத்துக்கு முன்பே டொக்டரோடு கதைத்து மருந்தை மாற்ற வேண்டும். மாற்றுவதும் அவசரத்தில் ஏலாது, மாதக்கணக்கு ஆகும். கர்ப்பம் என்று தெரிந்த பயத்தில் தானாக நிறுத்தினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

எங்கள் ஊரில் என்ன செய்கிறோம்? மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று குளிசையை ஒளித்து வைத்து, கலியாணத்தன்று நித்திரையும் இல்லாமல், குளிசையும் இல்லாமல் மணவறையில் இருத்துகிறோம். நித்திரைக் குறைவே வலிப்பைத் தூண்டும். எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள் புதுமணத் தம்பதிகளைப் பதிவு செய்யும்போது இரத்தச்சோகை, ருபெல்லா எல்லாம் கேட்கிறார்கள். வலிப்பு மருந்து எடுக்கிறீர்களா என்றும் தனியாக, மாமியார் இல்லாத இடத்தில் கேட்கட்டும்.

கிண்ணியா காக்கா

மிஸ்ஸி, நோன்பையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ரமழானில் எங்கள் ஆட்கள் பகல் குளிசையைத் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள், ஸஹருக்கு (விடியமுன் சாப்பாட்டுக்கு) எழும்புவதால் நித்திரையும் குறைகிறது. ஒரு மாதம் முன்பே டொக்டரிடம் கேட்டால் ஸஹருக்கும் நோன்பு திறப்புக்கும் பொருந்துகிற மாதிரி மருந்தை மாற்றித் தரலாமா என்று பார்ப்பார். ஏலாது என்றால் நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. இதை ஜும்ஆவில் ஒருமுறை சொல்லச் சொன்னால் நூறு துண்டுப்பிரசுரத்தை விடப் போய்ச் சேரும்.

மூதூர்ப் பொண்ணு

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் அம்மாவுக்கு மறதி நோய். இழையை முழுக்க வாசித்தேன், மறதி நோய் முதல் பதிவில் ஒரு சொல்லாக மட்டும் இருக்கிறது.

இதற்கு ஊசி இல்லை, பழைய நிலைக்குக் கொண்டுவருகிற மருந்தும் இல்லை. அதனால் கிளினிக்கில் எங்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை என்பதுபோல் நடத்துகிறார்கள். பின்னேரம் ஆனதும் "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று அம்மா வெளிக்கிட்டுவிடுவார். அவர் சொல்கிற வீடு 2006 இல் நாங்கள் விட்டு ஓடிய சம்பூர் வீடு. இல்லை அம்மா, இதுதான் வீடு என்று வாதாடினால் அழுவார், அடிப்பார். "சரி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவோம்" என்றால் குடித்து முடிய மறந்துவிடுவார். இதை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை, நானாகப் பழகிக்கொண்டேன். கொழும்பில் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் இருக்கிறது. மூதூரில் இருந்து கொழும்பில் உள்ள பகல் நிலையத்தை நான் எப்படிப் பயன்படுத்துவது?

நான் கேட்பது ஒன்றுதான், கிழமையில் ஒரு நாள், சில மணித்தியாலம் அம்மாவை வேறு யாராவது பார்க்க வேண்டும். நான் வங்கிக்குப் போக வேண்டும், பல் டொக்டரிடம் காட்ட வேண்டும், படுத்து நித்திரை கொள்ள வேண்டும். கலியாணம் ஆகாத மகள் என்பதால் இது என் வேலை என்று சகோதரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி

பிள்ளை, மூதூரில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தனிமடலில் எழுது. என் தங்கச்சி வீடு அங்கேதான்.

மட்கோ மச்சான்

அக்கா, வாசித்தபின் எனக்குப் பேச வரவில்லை. பாலையூற்றான் அண்ணை, உங்கள் கட்சிக்கே வந்துவிடுகிறேன், ஆனால் இரவு ஸ்கேன் பந்தியை எடுக்கவிடமாட்டேன்.

கொஞ்சம் சட்டம் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று. கெஞ்சிக் கேட்கிற மாதிரி எழுத வேண்டாம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றியது, அதைக் குறிப்பிடுங்கள். 2022 மே மாதம் உலக சுகாதார மாநாட்டில் வலிப்புக்கும் பிற நரம்பு நோய்களுக்குமான செயல்திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள், 2031 வரைக்கும். 2031 க்குள் 80 வீதமான நாடுகள் நரம்பு நோய்களுக்கான அத்தியாவசிய மருந்துகளை ஆரம்ப சுகாதார மட்டத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு இலக்கு. எங்கள் கணக்கில் ஆரம்ப மட்டம் என்றால் ஈச்சிலம்பற்று மாதிரிப் பிரதேச வைத்தியசாலைகள். டவுனில் மருந்து இருக்கிறது என்பது பதில் ஆகாது என்று எழுதலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயில் இருந்து 10,000 ஆனது. பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கை, கால் போனவர்கள் மட்டும் எடுக்கலாம் என்று வலிப்பு, மறதி நோய்க் குடும்பங்கள் கேட்காமலே இருக்கிறார்கள். வைத்தியரின் அறிக்கையோடு போய்க் கேட்டுப் பாருங்கள்.

வெருகல் ஓட்டோ

மட்கோ தம்பிக்கு இவ்வளவு தெரியும் என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

பாலையூற்றான்

நல்லது. மூதூர்த் தங்கச்சி கேட்டதைத் தபால் மருந்துக்கு அடுத்ததாகப் போடுகிறேன். ஆஸ்பத்திரியிடம் கேட்பதை விட முன்பள்ளிக் கட்டடங்கள், அறநெறி மண்டபங்கள் பின்னேரம் சும்மாதான் கிடக்கின்றன, பிரதேச செயலகத்திடம் அவற்றில் ஒன்றைக் கேட்பது நடக்கக்கூடியது என்று நினைக்கிறேன். ஸ்காபரோ தம்பியின் காசு இதற்கும் பொருந்தும், பார்க்கிற ஆளுக்குச் சம்பளமாக.

கடிதம் தமிழில் என் பொறுப்பு. ஒரு பிரதி சிங்களத்திலும் போக வேண்டும், கந்தளாய்க் குடும்பங்களும் கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வடிவாகச் சிங்களம் எழுதத் தெரிந்த ஆள் யார்?

கிண்ணியா காக்கா

என் மருமகள் சிங்கள மொழிமூலம் படித்தவள். தமிழ்ப் பிரதியை முடித்ததும் அனுப்புங்கள். நிலாவெளித் தம்பி, அழுத்த அறைக்கு யாரை அழைப்பது என்ற விஷயத்தை மீன்பிடித் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி போட்டால் என்ன?

நிலாவெளிக் கரை

போடலாம் காக்கா. சங்கத் தலைவரின் கையெழுத்தோடு நான் தனியாக ஒன்று எழுதித் தருகிறேன், இதோடு சேர்த்துக் கொடுங்கள்.